மஞ்சள் அட்டை போட்ட கறுப்புக் கண்ணாடி

எதையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அம்மா உள்ளங்கையில் எடுப்பாள். வெயிலில் நின்ற பேருந்தின் இருக்கை, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் கைப்பிடி, காய்ச்சலில் கிடக்கும் நெற்றி, எல்லாம் முதலில் புறங்கைக்குத்தான். மகள் பட்டம் வாங்கி வந்த அன்று அந்தச் சான்றிதழின் மேலும் புறங்கையை வைத்தாள்.

"சூடா இருக்காம்மா?" என்று மகள் கிண்டல் செய்தாள்.

"இப்பதானே அடிச்சுக் கொடுத்திருக்காங்க, இருக்காதா பின்னே?" என்றாள் அம்மா, சிரிக்காமல்.

அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. கணவர் இறந்து, இடுப்பில் குழந்தையோடு நின்ற வயதில், ஊர்க்கோடியில் இருந்த சின்ன விமானத் தளத்தில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. விமானங்களின் அடிவயிற்றில் படியும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும் வேலை. ஒற்றை எஞ்சின் வைத்த நான்கு விமானங்கள். கடல் தாண்டி இருக்கும் தீவுகளுக்குத் தபாலும் மருந்தும் கொண்டுபோகும். திரும்பும்போது சில நாள் ஒரு நோயாளியைக் கூட்டிவரும். பதினோரு வருஷம் அந்த வயிறுகளைத் துடைத்ததில் அம்மாவின் உள்ளங்கைத் தோல் தடித்து, சூடும் குளிரும் தெரியாமல் மரத்துப்போனது. "உள்ளங்கை பொய் சொல்லும். புறங்கைக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரல" என்பாள்.

பிறகு ஸ்டோரில் இருந்தவர் ஓய்வு பெற்றார். எந்தத் திருகு எந்தத் தட்டில் கிடக்கிறது என்று அவரைவிடத் துடைக்கிற பெண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்பதை மேனேஜர் கவனித்து வைத்திருந்தார். எட்டாவது வரை படித்தவளுக்கு ஸ்டோர் சாவி வந்தது. கம்பி வலை அடித்த அறை, கவுண்டர், கூரை வரை தட்டுகள். பாகங்களின் எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் கோலம் பழகுவதுபோல வரைந்து வரைந்தே கற்றுக்கொண்டாள். அங்கே மூன்று அட்டைகள்தான் சட்டம். விமானத்தில் போடலாம் என்றால் பச்சை, ஆகாது என்றால் சிவப்பு, பரிசோதனையில் இருக்கிறது என்றால் மஞ்சள். அட்டை இல்லாத பொருள் தட்டில் இருக்காது. சீட்டு இல்லாத பொருள் வாசலைத் தாண்டாது. எல்லோருக்கும் அவள் 'ஸ்டோர் அக்கா' ஆனாள்.

மெக்கானிக் ஒருவர் உண்டு. வாய்க்குப் பூட்டில்லாதவர். "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா? நீங்க என்னடான்னா புறங்கையாலயே எல்லாத்தையும் தொடுறீங்க. சந்தேகமா இருக்கே அக்கா" என்பார்.

"நக்கிப் பாத்தா கிரீஸ்தான் வரும். வேணுமா உனக்கு?" என்பாள் அம்மா.

மகள் பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. விண்ணப்பம் போடுவதும் பதில் வராததைப் பார்ப்பதும்தான் வேலை. வீட்டிலேயே முதல் பட்டதாரி என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், முதலில் மலையேறியவனுக்கு இறங்கும் வழி தெரியாதது போல இருக்கும் அவளுக்கு. படித்ததெல்லாம் தலைக்குள் இருக்கிறதா, தாளிலேயே விட்டு வந்தோமா என்று அடிக்கடி கேட்டுக்கொள்வாள்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி, விமானிகள் மடியில் விரித்துப் பார்க்கும் வழிப்படத்தை டேப்லெட்டுக்கு மாற்றுவதாக முடிவு செய்தது. காகிதப் படம் பையில் இருக்கும். ஆனால் கண் முன்னால் டேப்லெட். போகும் வழியில் நம் விமானம் எங்கே இருக்கிறது என்று அதில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டே காட்டும். பரீட்சார்த்தமாக ஒன்று வாங்கச் சொல்லி ஸ்டோருக்குச் சீட்டு வந்தது.

அம்மா சீட்டோடு வீட்டுக்கு வந்தாள். "இது எனக்குத் தெரியாத சாமான். நீதான் பாத்துச் சொல்லணும்."

மகளுக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வேகம், நினைவகம், வாங்கியவர்கள் கொடுத்த நட்சத்திரங்கள் என்று அட்டவணை போட்டாள். மெலிசான, இறகு போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பெட்டி வந்தபோது அம்மா புறங்கையை வைத்துப் பார்த்து, "அப்பளம் மாதிரி இருக்கே" என்றாள்.

"இப்ப எல்லாமே அப்படித்தான்மா."

அம்மா பச்சை அட்டை போட்டுக் கையெழுத்திட்டாள்.

மூன்றாவது வாரம். உச்சி வெயில். எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் விமானி கடலுக்கு மேல் இருந்தார். முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த டேப்லெட், சார்ஜும் ஏறிக்கொண்டு வெயிலையும் வாங்கிக்கொண்டு, சூடு தாங்காமல் தானாக அணைந்துவிட்டது. புள்ளியும் போயிற்று, படமும் போயிற்று. அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, திசைகாட்டியையும் கடிகாரத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டு, இருபது நிமிஷம் தாமதமாகத் தீவில் இறங்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலை மகள் அம்மாவைக் கூட்டிப்போக வந்திருந்தாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அவள். கவுண்டரில் மேனேஜர்.

"யாரு அக்கா இதைத் தேர்ந்தெடுத்தது?"

"நான்தான் சார்."

"நீங்களா? கையில வச்சுப் பாக்காம ஒரு நட்டுகூட எடுக்க மாட்டீங்களே?"

"இதுல ஏமாந்துட்டேன். என் தப்பு."

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறக்கும்போது அம்மா சொன்னாள்: "மேல தனியா இருக்கற மனுஷன்டி. கையில கொடுத்தது அணைஞ்சா யாரைக் கூப்பிடுவார்? அடுத்தது அணையக் கூடாது. அவ்வளவுதான்."

இந்தக் கேப்டனைச் சொல்ல வேண்டும். தளத்திலேயே வயதில் மூத்த விமானி. குரல் பெரிது, வயிறும் பெரிது. நான்கு வருஷத்துக்கு முன் மனைவி இறந்தார். இறப்பதற்குச் சில மாதம் முன்பு அவர் வாங்கிக்கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போடாமல் கேப்டன் வெயிலில் கால் வைப்பதில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்கு இன்னொரு பழக்கமும் வந்தது. எண்ணெய் நிரப்பும் பம்பில் எண்களைப் பார்க்கும்போதும், டிஜிட்டல் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதும் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். "கேப்டன் கோழி மாதிரி பாக்கறார்" என்பார் மெக்கானிக், அவர் காது கேட்காத தூரத்தில்.

இரண்டாவது முறை அட்டவணையே வேண்டாம் என்றாள் அம்மா. "சாமான் வரட்டும். அதுவே சொல்லும்." அடிதாங்கும் வகையில் செய்த டேப்லெட் மூன்றை மூன்று கடைகளிலிருந்து பரிசோதனைக்கு வரவழைத்தாள். மூன்றுக்கும் மஞ்சள் அட்டை.

முதலாவது செங்கல் மாதிரி இருந்தது. திரை பெரிது, எழுத்து பளிச்சென்று தெரிந்தது. இறக்கையின் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்த்தார்கள். தரைதான் கொஞ்சம் பெயர்ந்தது. ஆனால் ஓட்டும் கைப்பிடியின் நடுவில் மாட்டிவிட்டு, இறங்கும்போது இழுப்பதுபோல் கைப்பிடியை முழுசாகத் தன் பக்கம் இழுத்த கேப்டன், பாதியிலேயே நின்றுவிட்டார். டேப்லெட் அவர் வயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது.

"வயித்தை உள்ள இழுங்க கேப்டன்" என்றார் மெக்கானிக்.

"இழுத்துட்டுத்தாண்டா உக்காந்திருக்கேன்."

"அப்ப ஒண்ணு வயித்தை இறக்கணும், இல்ல டேப்லெட்டை இறக்கணும்."

"டேப்லெட்டை இறக்கு. வயிறு சீட்டு இல்லாம வெளிய வராது" என்றாள் அம்மா. சிவப்பு அட்டை.

இரண்டாவதை மகள்தான் நிறுத்தினாள். கூடவே வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், அந்த மாடலுக்கு வானத்திலிருந்து இடமறியும் ஜி.பி.எஸ். கருவி உள்ளே கிடையாது என்று போட்டிருந்தது. கைபேசியோடு இணைத்தால்தான் புள்ளி நகரும். கடல் நடுவில் கைபேசிக்கு ஏது சிக்னல்? "இதைக் கண்டுபிடிக்கத்தான் பட்டதாரி வேணுங்கறது" என்றார் மெக்கானிக். கிண்டலா பாராட்டா என்று மகளுக்குத் தெரியவில்லை. பாராட்டாகவே வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது எல்லாவற்றையும் தாண்டியது. கதவு சாத்திய விமானத்துக்குள், நடுப்பகல் வெயிலில், சார்ஜில் போட்டபடி இரண்டு மணி நேரம் வைத்தார்கள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அம்மா ஏறி அதன் முதுகில் புறங்கையை வைத்துவிட்டு இறங்கினாள். அணையவில்லை. ஈர விரலால் தேய்த்தாலும் சொன்னபடி கேட்டது. கொட்டகை நிழலில் கேப்டனின் தொடையில் வாரால் கட்டிப் பார்த்தால் கைப்பிடிக்கும் வயிற்றுக்கும் தொந்தரவில்லை. அம்மா பச்சை அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்துவிட்டாள்.

"ஒரு தடவை மேல போயிட்டு வந்துடறேன் அக்கா. அப்புறம் எழுதுங்க" என்றார் கேப்டன்.

போய் வந்தார். கவுண்டரில் டேப்லெட்டை வைத்தார். வழக்கமாகக் கதவைத் தாண்டும்முன்பே கேட்கும் குரல் அன்று கேட்கவில்லை.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாதான் இருக்கு."

"தான்னா?"

"நல்லா இருக்குங்கறேன். எழுதுங்க."

அம்மா பேனாவை மூடினாள். பத்து வருஷமாக மனிதர்கள் உடைந்த சாமானைக் கொண்டுவந்து 'நல்லாதான் இருந்துச்சு' என்று சொல்வதைக் கேட்டவள். "நாளைக்கு மத்தியானம் விமானத்துல நானே உக்காந்து பாக்கறேன். நீங்களும் வாங்க" என்றாள்.

மறுநாள் சிமெண்டுத் தளம் அடுப்புக்கல் போலக் காய்ந்தது. அம்மா விமானி இருக்கையில் ஏறி உட்கார்ந்து டேப்லெட்டைத் தொடையில் கட்டிக்கொண்டாள். மகள் கதவருகே நின்றாள். வெளிச்சம் முன் கண்ணாடியில் பட்டு அம்மாவின் முகத்தில் அடித்தது. அவள் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்த கேப்டன், தம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "போட்டுக்கங்க அக்கா. கண்ணு கூசும்."

போட்டுக்கொண்டு அம்மா குனிந்தாள்.

"ஐயோ, போச்சு! இதுவும் அணைஞ்சுபோச்சு!"

சொல்லிக்கொண்டே புறங்கையைத் திரையில் வைத்தாள். கை அங்கேயே நின்றது. "சூடு இல்லையே."

"அம்மா, எரியுதே ஸ்கிரீன்! எனக்குப் பளிச்சுனு தெரியுது" என்றாள் மகள்.

"எங்கடி எரியுது? இருட்டா கிடக்கு."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சம். போட்டாள். இருட்டு. மறுபடி கழற்றினாள். பிறகு போட்டுக்கொண்டே, ஏதோ நினைவு வந்தவள்போலத் தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தாள். இருட்டுக்குள்ளிருந்து படம் மங்கலாக எழுந்து வந்தது. அப்படியே சாய்ந்த தலையோடு திரும்பிக் கேப்டனைப் பார்த்தாள்.

மகளுக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. ஒளியின் தளவிளைவு. பத்து மார்க் கேள்வி. படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, முழு மார்க் வாங்கியிருக்கிறாள். சில வகைக் கறுப்புக் கண்ணாடிகள் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும்தான் உள்ளே விடும். டேப்லெட் திரையும் ஒரே திசையில் அதிரும் ஒளியைத்தான் அனுப்பும். இரண்டும் குறுக்காக அமைந்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் வராது. திரைக்குத் திரை அந்தத் திசை மாறும். பழைய டேப்லெட்டில் தெரிந்தது, இதில் தெரியவில்லை. மூன்று வாரமாகச் சோதித்தவர்கள் எல்லோரும் வெறும் கண்ணோடுதான் சோதித்தார்கள். தரையில் வேலை செய்பவர்கள் யார் கறுப்புக் கண்ணாடி போடுகிறார்கள்? விடைத்தாளில் அத்தனை அம்பு வரைந்தவளுக்கு, ஒரு முறையாவது அதை ஒரு மனிதரின் மூக்கின் மேல் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

தட்டுத் தடுமாறி அவள் விளக்கினாள். கேப்டன் கண்ணாடியை வாங்கிப் போட்டு, டேப்லெட்டைப் பார்த்தார். அதைக் குறுக்குவாட்டில் திருப்பினார். படம் பளிச்சென்று வந்தது. நேராக்கினார், இருண்டது. பிறகு இறங்கிப் போய், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டைக்குப் பக்கத்தில், இறக்கை நிழலில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என் கண்ணு?"

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாள் மகள்.

"நிஜமாவா சொல்றே?"

"நிஜமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு வருஷமா பம்பு எண்ணு மங்குது, ரேடியோ எண்ணு மங்குது, வாட்சு மங்குது. டாக்டர் அறையில போய் உக்காந்தா எல்லாம் தெரியுது. வருஷா வருஷம் பாஸ். ஏதோ அதிர்ஷ்டம்னு நெனச்சேன். நேத்து இது சுத்தமா இருண்டதும், சரி, முடிஞ்சுதுன்னு முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசம் டெஸ்ட். அவங்க நிறுத்தறதுக்கு முன்னாடி நானே நிறுத்திடலாம்னு லெட்டர்கூட எழுதி வச்சிட்டேன்."

"யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் அம்மா.

"என்னன்னு சொல்றது? அவ போனதுல இருந்து கண்ணு மங்குதுன்னா?"

அம்மா இருக்கையிலிருந்து இறங்கி அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்காரும்முன் சிமெண்டில் புறங்கையை வைத்துப் பார்க்க மறக்கவில்லை. "அவங்க போனதுனால இல்ல கேப்டன். அவங்க கொடுத்ததுனால" என்றாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்தப் பெரிய வயிறு குலுங்கியது. சிரிப்பு நின்ற பிறகும், சுத்தமாக இருந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மகளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "சார், முதல்ல வாங்கின டேப்லெட், அதை அம்மா எடுக்கல. நான்தான்."

"தெரியுமே" என்றார் அவர், நிமிராமல். "உங்க அம்மா எடுத்திருந்தா அது அவ்வளவு அழகா இருந்திருக்காது."

மூன்றாவது டேப்லெட்டுக்கே பச்சை அட்டை கிடைத்தது. தொடையில் குறுக்குவாட்டில்தான் கட்ட வேண்டும் என்றும், இந்த வகைக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யாரும் பறக்கக் கூடாது என்றும் அம்மா கோலம் போன்ற தன் எழுத்தில் எழுதிக் கவுண்டரில் ஒட்டினாள். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கேப்டனுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்தக் கண்ணாடி இங்க இருக்கட்டும். இன்னும் மூணு டேப்லெட் வரப்போகுது. ஒவ்வொண்ணையும் அதைப் போட்டுப் பாக்கணும். முடிஞ்சதும் தந்துடறேன்."

கேப்டன் தயங்கினார். அதைக் கழற்றி மடித்து, அவள் உள்ளங்கையில் வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, கையைத் திருப்பிப் புறங்கையில் வைத்தார்.

மூன்று டேப்லெட்டும் வந்தன, பச்சை வாங்கின, மற்ற விமானங்களுக்குப் போயின. கேப்டன் மாதம் ஒருமுறை கேட்பார்: "அக்கா, என் கண்ணாடி?"

"பரிசோதனை முடியல கேப்டன்."

"அப்படி என்னதான் பரிசோதனை?"

"கஷ்டமான கண்ணாடி."

அதற்குப் பிறகு மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. மூன்றாவது வருஷம் அம்மா ஓய்வு பெற்றபோது, புதிதாக வருபவரிடம் ஸ்டோரை ஒப்படைக்க உதவி செய்யலாம் என்று லீவு போட்டுவிட்டு வந்தாள். மூன்று நாள் தட்டுத் தட்டாகச் சரிபார்த்தார்கள். ஒரு வாஷர்கூடக் குறையவில்லை. கடைசி இழுப்பறையில், பஞ்சு வைத்த பெட்டிக்குள், கண்ணாடி இருந்தது. மஞ்சள் அட்டை. பொருள்: கறுப்புக் கண்ணாடி, ஒன்று. கொடுத்தவர்: கேப்டன். காரணம்: பரிசோதனை. திருப்பிய தேதி: எதுவும் எழுதவில்லை.

"இது லிஸ்ட்லயே இல்லையேம்மா."

"கம்பெனி சாமான் இல்லையே."

"அப்ப அவர்கிட்டயே கொடுத்துடலாமே? அவங்க மனைவி கொடுத்தது."

"தெரியும்டி. அதனாலதான் கொடுக்கல. கையில இருந்தா போடாம இருக்க அவரால முடியாது. இன்னும் ரெண்டு வருஷம் பறக்கணும் அந்த மனுஷன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் விடைபெற வந்துவிட்டார். கவுண்டரில் பெட்டி திறந்தே கிடந்தது. அதைப் பார்த்தார். அம்மா மூடவில்லை, மறைக்கவும் இல்லை.

"பரிசோதனை முடிஞ்சுதா அக்கா?"

"இல்ல கேப்டன்."

"நீங்க போயிட்டா யார் பண்ணுவா?"

"வீட்டுல வச்சுப் பண்றேன்."

அவர் தலையை ஆட்டினார். எடுக்கக் கை நீட்டவில்லை. "துடைக்கறப்ப மெத்துனு துணி போடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

வாசலில் மெக்கானிக் அம்மாவின் பையைப் பார்த்துக்கொண்டே வழிமறித்தார். "இத்தனை வருஷம் தேன் எடுத்தாச்சு. கடைசி நாளாவது புறங்கையை நக்கினீங்களா இல்லையா?"

"நக்கிட்டேன்" என்றாள் அம்மா.

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு வழிவிட்டார். சீட்டில்லாமல் அம்மாவோடு அந்த வாசலைத் தாண்டிய ஒரே பொருள், வீட்டு அலமாரியில், மகளின் சான்றிதழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் மகள் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். கண்ணாடி தூசியில்லாமல் இருக்கும். மஞ்சள் அட்டையில் திருப்பிய தேதிக்கான இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.